பணிமனைக் குடியிருப்பில் ஒரு ஓட்டு

அவரைக் குடியிருப்பில் எல்லோரும் ஏஜென்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் இல்லை, பால் ஏஜென்டும் இல்லை. பஸ் பணிமனையில் டயர் பிரிவில் வேலை. தேய்ந்து வந்த டயரின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவி, ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார். பழைய பட்டையைச் சீவி எடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டுவார். மாலையில் வீட்டுக்கு வரும்போது காது மடலிலும் இமை ஓரத்திலும் ரப்பர் தூள் கறுப்பாகப் படிந்திருக்கும். தேர்தல் நாளில் மட்டும் அதையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாக்குச்சாவடியில் போய் உட்காருவார், சங்கத்தின் ஏஜென்டாக. அந்த ஒரு நாள் வேலைதான் பேராக நின்றுவிட்டது. அவருடைய மாமனாரே மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, போனில் "ஏஜென்ட் வந்தாச்சா?" என்று மகளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

குடியிருப்பு முழுக்கப் பணிமனைக்காரர்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், பெயின்ட் அடிக்கிறவர்கள். ஒரே மாதிரி வீடுகள், வரிசை வரிசையாக. எல்லா வீட்டு ஓட்டும் சங்கம் சார்ந்த கட்சிக்குத்தான். கட்சியின் கொள்கை என்ன என்று கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். சங்கம் வேலையை நிரந்தரமாக்கியது, சங்கம் வீடு வாங்கிக் கொடுத்தது, அதனால் சங்கம் காட்டுகிற சின்னத்தில் முத்திரை குத்தினார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. மழை வந்தால் துணியை எடுப்பதுபோல அது பாட்டுக்கு நடந்தது.

பெட்டி பெட்டியாக எண்ணுகிற ஊர் அது. குடியிருப்புக்கென்று தனி வாக்குச்சாவடி, தனிப் பெட்டி. அதைத் திறந்து கொட்டினால் ஒரு சீட்டுகூட மாறி இருக்காது. "பணிமனைப் பெட்டியை எதுக்குய்யா எண்ணுறீங்க, தராசுல வச்சு எடை போடுங்க" என்று எண்ணும் இடத்தில் அதிகாரிகளே கேலி செய்வார்கள். அதைக் கேட்கும்போது ஏஜென்டுக்கு மார்பு கொஞ்சம் அகலமாகும்.

எதிர்க் கட்சிக்கும் ஓர் ஏஜென்ட் உண்டு. வெளியிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற குமாஸ்தா. குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் காலை மடக்க முடியாமல் மடக்கிக்கொண்டு தூங்குவார். "எங்க கட்சியில தூக்கம் வராதவனைத்தான் இங்க அனுப்புவாங்க. ஒரே நாள்ல குணமாயிடும்" என்பார்.

சங்கத்தின் ஏஜென்ட் தூங்க மாட்டார். அவருக்கு ஒரு வித்தை தெரியும் என்று அவரே நம்பினார். மறைப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே போகிறவர்களின் நடையைப் பார்க்கலாம். ஏஜென்ட் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்போடு போனால் நம்ம ஆள். விரலில் வைத்த மையையே பார்த்துக்கொண்டு போனால் யோசிக்க வேண்டிய ஆள். டயருக்குள் ஆணியைத் தடவிப் பிடிக்கிற மாதிரி ஆளையும் பிடித்துவிடலாம் என்பார். குடியிருப்பில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. பத்துக்கு எட்டு தடவை "போதும்ப்பா, போன தேர்தல்லயே கேட்டாச்சு" என்று எழுந்து போவார்கள்.

அவர் நடையைப் பார்க்காமல் விட்டது ஒரே ஓர் ஆளைத்தான். மனைவி வரும்போது அவர் அந்த வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்வார். "கதவைப் பூட்டினியா?" என்பார். "டிபன் பாக்ஸ் எங்க?" என்பார். அவள் மறைப்புக்குள் போகிற நேரத்தில் தண்ணீர் குடிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தேர்தலில் அந்த ஒரு ஓட்டு விழுந்தது.

எண்ணும் கூடத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. மாறிக் கிடந்த அந்தச் சீட்டை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை நேராக, அழுத்தமாக, எதிர்க் கட்சியின் சின்னத்தின்மேல் விழுந்திருந்தது. கை தவறிய மாதிரி இல்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு! யாருங்க அந்தப் புண்ணியவான்? ஒரு டீயாவது வாங்கித் தரணும்" என்று ஏஜென்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சங்க அறையில் செயலாளர் கேட்டார்.

"யாருய்யா அது?"

"பேட்டரி" என்றார் ஏஜென்ட். யோசிக்கவே இல்லை.

பேட்டரிக்காரர் அவரைவிட மூத்தவர். பேட்டரி பிரிவில் வேலை. ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டைகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். அந்தத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் சங்கத்தின் பொதுக்குழுவில் வேலைநிறுத்தத்துக்கு எல்லோரும் கை தூக்கியபோது அவர் மட்டும் தூக்கவில்லை. எழுந்து நின்று, "இந்த மாசம் வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கிற மாசம். அடுத்த மாசம் வச்சுக்கலாம்" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. போதாக்குறைக்கு, ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும்போது விரலை உதட்டருகில் கொண்டுபோய் மையை ஊதிக்கொண்டே போனார். ஏஜென்ட் பார்த்திருந்தார். இதற்குமேல் என்ன வேண்டும்?

பேட்டரிக்காரர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "நான் அவங்களுக்குப் போடலைப்பா."

"அப்ப நாங்க போட்டோமா அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அது தப்பாகப் போயிற்று. ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவரை யாரும் ஒதுக்கி வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்தால் சிரிப்பார்கள். கேரம் பலகை பக்கம் வந்தால் மட்டும், "அண்ணே, நீங்க ஒத்தை ஆளாச்சே, ஜோடி எதுக்கு?" என்பார்கள். வேலைநிறுத்தத்தின்போது பந்தல் காவலுக்கு அவர் பெயரைப் போட மாட்டார்கள். சங்க அறையில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்தால் பேச்சு மழை, வெயில் என்று மாறும். அடுத்த தேர்தலிலும் ஒன்று விழுந்தது. அதற்கு அடுத்ததிலும் ஒன்று. "மனுஷன் மாற மாட்டேங்கிறாரே" என்று சில பேர் மரியாதையாகக்கூடச் சொன்னார்கள்.

பேட்டரிக்காரரின் மகனுக்கு எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லத் தெரியும். பணிமனையில் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். எடுக்க வேண்டியவர்களைச் சங்கம்தான் சொல்லி அனுப்பும். செயலாளர் கேரம் ஆடிக்கொண்டே ஏஜென்டைக் கேட்டார்.

"அந்தப் பையன் எப்படிய்யா?"

"வேலை தெரிஞ்ச பையன்தான்" என்றார் ஏஜென்ட். பிறகு, "அப்பன் எப்படின்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

செயலாளர் சிவப்புக் காயைக் குழியில் தள்ளினார். வேறு யாரோ எடுக்கப்பட்டார்கள். மகன் தூரத்து நகரத்துக்கு வேலை தேடிப் போனான். பையைத் தூக்கிக்கொண்டு பேட்டரிக்காரர்தான் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனார். பையன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இதெல்லாம் ஏஜென்டின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நடந்தது. வாசலை ஒட்டிய அறையில் அவருடைய மனைவி தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பாள். பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கிற வேலை. ரெக்சின் துணி கட்டுக் கட்டாக வரும். அதைத் தைக்கிற ஊசி ஆணி மாதிரி தடியாக இருக்கும். மிஷின் ஓடினால் அடுத்த வரிசைவரை கேட்கும். வெட்டிப்போட்ட துண்டுகளுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு தைப்பாள். தெருவில் யார் போனாலும் வந்தாலும் அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தினால்தான் மற்றவர்களுக்கு அவள் இருப்பது தெரியும்.

இந்தத் தேர்தலின்போது பேட்டரிக்காரர் ஊரில் இல்லை. மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று கணவனும் மனைவியுமாகப் போயிருந்தார்கள். வாக்குப்பதிவு நாள் முழுக்க ஏஜென்ட் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரிக்காரர் வரவில்லை. பெட்டியை மூடி அரக்கு வைத்தபோது எதிர்க் கட்சிக் குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்ன, நம்ம ஆளு இன்னைக்கு லீவா?" என்றார்.

குடியிருப்பில் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தத் தடவை பெட்டி சுத்தமாக இருக்கும். பணிமனை வாசலில் சங்கத்தின் கரும்பலகையைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். செயலாளர் முதல் நாளே பெரிய எழுத்தில் தலைப்பு எழுதிவிட்டார். எதிர் ஓட்டின் எண்ணிக்கை எழுதுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

எண்ணும் கூடத்தில் பெட்டியைக் கொட்டினார்கள். அடுக்கினார்கள். ஒரு சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

ஏஜென்ட் எட்டிப் பார்த்தார். முத்திரை நேராக, அழுத்தமாக விழுந்திருந்தது.

குமாஸ்தா இந்த முறை கை குலுக்கவில்லை. சீட்டைப் பார்த்தார், ஏஜென்டைப் பார்த்தார். "அப்ப அவரு இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஏஜென்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகத் தட்டினார், மனசுக்குள்ளேதான். பெயின்டரா? கண்டக்டரின் தம்பியா? ஒவ்வொருவரும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். யாரும் அகப்படவில்லை. பஸ் பணிமனையை நெருங்க நெருங்க, இது யார் என்பதைவிட வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. பேட்டரிக்காரர் இல்லையென்றால், இத்தனை வருஷமும் இல்லை. அப்படியென்றால் பையன் விஷயம்?

வாசலில் கூட்டம் நின்றது. அவர் இறங்குவதற்கு முன்பே யாரோ கத்தினார்கள்.

"என்ன ஏஜென்டு, முட்டைதானே?"

அவர் வாயைத் திறந்தார். செயலாளர் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

தலையை ஆட்டினார். செயலாளர் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். அது பலகையிலேயே பெரிய எழுத்தாக இருந்தது. செய்தித்தாளில் தொகுதி மொத்தம்தான் வரும். பெட்டிக் கணக்கு குடியிருப்புக்கு ஏஜென்டின் வாய் வழியாகத்தான் வர வேண்டும். விசில் அடித்தார்கள். அவரைத் தூக்கப் பார்த்தார்கள். கனமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தலையை நிமிர்த்தவில்லை. அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் தையலின் கடைசி வரை போய், நூலை அறுத்து, மிஷினை நிறுத்தினாள். அறை திடீரென்று அமைதியானது.

"வாசல்ல ஒரே சத்தமா இருந்துச்சே."

"ஆமா. முழு ஓட்டு."

"முழுசா?"

"முழுசா."

"ஒண்ணுகூட இல்லையா?"

"அதான் சொல்றேனே. முட்டை."

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்ப என் ஓட்டை எங்கங்க போட்டீங்க?"

ஏஜென்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார்.

"எதுக்குச் சாத்துறீங்க? கேட்கட்டும்."

"மெதுவாப் பேசு. எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

"மொதல்லேர்ந்தேவா?"

"அந்தத் தடவை அவங்க சார்புல ஒரு பொம்பளை நின்னாங்க, ஞாபகம் இருக்கா? கேட்டுக்குள்ள விடமாட்டோம்னு நீங்க எல்லாம் குறுக்கே நின்னீங்க. அவங்க வெயில்ல வெளியிலேயே நின்னு பேசிட்டுப் போனாங்க. நான் மிஷினை நிறுத்திட்டு வாசல்ல நின்னு கேட்டேன். பிள்ளைங்க ஸ்கூல் போற வழியில லாரி போகுது, அதை வேற பக்கம் திருப்பணும்னு சொன்னாங்க. உங்க சங்கத்துல யாராவது அதைப் பேசியிருக்கீங்களா? வண்டி ஓட்டுறவங்க சங்கம், நீங்க எப்படிப் பேசுவீங்க."

"சரி, அது அப்ப. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யார் பேசினதையும் கேட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். அவங்களுக்கே விழுந்துச்சு. என்ன பண்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? தெருவுல போறவன் வர்றவன் நடையெல்லாம் பார்ப்பீங்க. நான் போட்டுட்டு வந்தா, டிபன் பாக்ஸ் எங்கன்னு கேட்பீங்க."

அவர் ரெக்சின் துண்டு ஒன்றை எடுத்து மடித்தார், பிரித்தார்.

"பேட்டரி அண்ணனைச் சொன்னோமே" என்றார். "உனக்குத் தெரியும்ல, நாங்க சொன்னது?"

அவளுடைய குரல் இறங்கியது. "தெரியும். மொதத் தடவை, நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு நினைச்சேன். பையன் பையைத் தூக்கிட்டுப் போனப்போ ரெண்டு நாள் எனக்குத் தைக்கவே ஓடல. மாத்திப் போட்டுடலாமான்னு நினைச்சேன். மாத்திப் போட்டா என்ன சொல்லுவீங்க? பேட்டரி திருந்திட்டாருன்னு சொல்லுவீங்க. அந்த மனுஷன் திருந்துறதுக்கு என்ன இருக்கு?"

"அதுக்காக..."

"இந்தத் தடவை அவரு ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அவரு இல்லாதப்போ ஒண்ணு விழுந்தா, அவரு இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், பெட்டியே சொல்லிடும்னு போய்க் குத்திட்டு வந்தேன். நீங்க வந்து முட்டைங்கிறீங்க." அவள் எழுந்து நின்றாள். "இப்ப என்ன ஆச்சு தெரியுதா? அவரு இல்லாததாலதான் பெட்டி சுத்தமா இருந்துச்சுன்னு ஊரே சொல்லும். நீங்களே முத்திரை குத்திக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

ஏஜென்ட் அதை யோசிக்கவே இல்லை. அவர் சொன்ன ஒரு பொய், பேட்டரிக்காரரின்மேல் இருந்த சந்தேகத்தை இனி யாராலும் அழிக்க முடியாத நிஜமாக்கியிருந்தது.

"யாருன்னு கேட்பாங்களே" என்றார்.

"கேட்டா என்னைக் கூப்பிடுங்க. மிஷினை நிறுத்திட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர் பலகைக்குப் போனார். பூஜ்யத்தை உள்ளங்கையால் அழித்தார். பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக்கட்டியால் ஒன்று என்று எழுதினார். ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். செயலாளர் சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து, அதைப் பிடித்தபடியே வந்தார்.

"என்னய்யா இது?"

"ஒண்ணு விழுந்திருக்கு. நேத்து தப்பா சொல்லிட்டேன்."

"தப்பா சொல்லிட்டியா? பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்ப பேட்டரி வந்து போட்டுட்டுப் போயிருக்காரு" என்றார் பெயின்டர். "ராத்திரி பஸ்ல வந்து, காலையில போட்டுட்டு..."

"வரலை. நாள் முழுக்க நான் வாசல்லயே இருந்தேன். அவர் இல்லை. இந்தத் தடவையும் இல்லை, முன்னாடியும் இல்லை. நான் சொன்னது பொய்."

 ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயின்டர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர், "என்னை ஏன்டா பார்க்கிறே?" என்றார்.

செயலாளர் அவரைத் தோளில் கை போட்டுத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"உனக்கு ஆள் தெரியும். அதான் இவ்வளவு தைரியமா அழிக்கிறே. யாருய்யா?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு மட்டும்."

"பூத்துல உட்கார்றவன் சொல்லக் கூடாது. மொதத் தடவையே சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப நீயேதான் போட்டுட்டியா?" செயலாளர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஏஜென்ட் பதில் சொல்லவில்லை. செயலாளர் முகத்திலிருந்த விளையாட்டு மெல்லக் கலைந்தது. கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஏஜென்டேதான் போட்டார் என்று அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. டயர் பிரிவில் அவர் குனிந்து வேலை செய்யும்போது பின்னால் யாரோ, "நடையைப் பாரு, நடையைப் பாரு" என்பார்கள். கேரம் பலகைப் பக்கம் போனால் ஆட்டம் முடிந்துவிடும். அடுத்த தேர்தலுக்கு வேறு ஏஜென்ட் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பேர் மட்டும் மாறவில்லை. "ஏஜென்ட் வர்றாரு" என்று முன்பு சொன்ன அதே வாய்கள்தான் சொல்லின. அதில் இப்போது கொஞ்சம் உப்பு கூடியிருந்தது. மனைவி சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினாள். "அவங்களுக்கு வேண்டாம். நாம சொல்ல வேண்டிய ஆளு ஊர்லேர்ந்து வரட்டும்" என்றார்.

பேட்டரிக்காரர் தனியாகத்தான் திரும்பி வந்தார். அவருடைய மனைவி பேரனோடு அங்கேயே தங்கிவிட்டாள். ஏஜென்டும் மனைவியும் போனபோது அவர் கொண்டுவந்த பையைப் பிரித்து, சட்டைகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"என்ன ஏஜென்டு, நான் ஏன் ஓட்டுப் போட வரலைன்னு கேட்க வந்தியா?"

"பெட்டியில ஒண்ணு விழுந்திருக்கு அண்ணே."

"பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள கண்டக்டர் சொல்லிட்டான்."

"அது நீங்க இல்லை."

பேட்டரிக்காரர் சட்டையை உதறுவதை நிறுத்தினார். "அது எனக்குப் புதுசாத் தெரியணுமா? நான் இல்லைன்னு எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். உனக்குத்தான் பஸ் லேட்டு."

"எல்லாத் தடவையும்..."

"எல்லாத் தடவையும் உங்க சின்னத்துலதான் குத்தினேன். பையன் ஊரை விட்டுப் போன வருஷம்கூட. இவனுங்களுக்கு எதுக்குடா போடணும்னு சீட்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். அந்தப் பக்கம் போட்டா ரெண்டாயிடும், ரெண்டாவது ஆளைத் தேடி நீ இன்னொரு வீட்டுக்குப் போவேன்னு தோணுச்சு." சட்டையை மறுபடி ஒரு உதறு உதறி, "சும்மா சொல்றேன். கை பழகிப்போச்சு. அதுவா அங்கேயே போயிடுச்சு. அதான் நிஜம்" என்றார்.

"பையனைப் பத்திச் செயலாளர்கிட்ட நான்தான்..."

"தெரியும். நீ சொன்னப்போ பக்கத்துல நாலு பேர் கேரம் ஆடிக்கிட்டிருந்தாங்க."

"இப்ப நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்."

"வயசு தாண்டிடுச்சு. அங்க ஒரு கம்பெனியில ராத்திரி ஷிப்ட்டு நிக்கிறான். குழந்தை பிறந்த அன்னைக்கும் லீவு கொடுக்கலை. ஏன்டா கேட்கலைன்னேன். இங்க சங்கம் எல்லாம் கிடையாதுப்பான்னான்."

 ஏஜென்டின் மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணே, அது நான்."

பேட்டரிக்காரர் அவளைப் பார்த்தார். நம்பாதவர் போல ஏஜென்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயாம்மா?"

"ஆமா அண்ணே."

"அந்தப் பொம்பளை கேட்டுக்கு வெளியில நின்னு பேசினப்போ..."

"நான் வாசல்ல நின்னு கேட்டேன்."

"நானும் கேட்டேன். பேட்டரி ரூம் ஜன்னல் வழியா. நல்லாத்தான் பேசினாங்க." அவர் கொஞ்சம் சிரித்தார். உடனே அது போய்விட்டது. "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?"

"பயந்தேன் அண்ணே. இவரு முகத்தைப் பார்க்கணுமேன்னு."

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே. தினமும் உன் வாசலைத் தாண்டித்தானே போனேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேட்டரிக்காரர் சட்டையைக் கொடியில் போட்டார். ஓட்டைகள் வழியாகச் சுவர் தெரிந்தது. வெகு நேரம் அதை நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"ஊர்ல எவன் என்ன நினைச்சா எனக்கென்ன" என்றார், திரும்பாமல். "என் பையனும் நான்தான் போட்டேன்னு நம்பிட்டிருக்கான். உன் வீம்புக்கு என் வேலையைப் பலி கொடுத்துட்டியேன்னு சொல்லிட்டுப் போனான். நான் இல்லைடான்னு சொன்னா, இப்பவாவது ஒத்துக்கோப்பான்னு சொல்றான். பேரனைக் கையில வச்சுக்கிட்டிருந்தப்போகூட அதேதான் சொன்னான்."

அவர் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணுவான். நீங்க ரெண்டு பேரும் வந்து அவன்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா கேட்க மாட்டான். மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். பேட்டரிக்காரர் டீ போட்டு வைத்திருந்தார். மூன்று பேரும் குடித்தார்கள். போன் அடித்தது. பேட்டரிக்காரர் எடுத்தார். பேரன் தூங்கினானா, காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். பிறகு, "ஒரு நிமிஷம் இருடா. இங்க ரெண்டு பேர் உன்கிட்டப் பேசணும்ங்கிறாங்க" என்று போனை நீட்டினார்.

அவள் கை நீட்டினாள். அதற்குள் ஏஜென்ட் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் ஏஜென்ட் பேசறேன்."

 அந்தப் பக்கம் குழந்தை ஒன்று சிணுங்குவது மட்டும் கேட்டது. பையன் போனை வைத்துவிடவில்லை.

"உன் அப்பா அந்த ஓட்டைப் போடலை" என்றார் ஏஜென்ட்.